ஒசாகா டெப்பனர்

மொன்றியலில், சென்ட் லோரன்டில் இழுத்து மூடிய மருந்துத் தொழிற்சாலை ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதற்குள்ளே ஒசாகா நகரத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். வெளியே மார்ச் மாதத்துச் சேற்றுப் பனி. உள்ளே குழாய் மழை, சிவப்பு விளக்கு, கடதாசிப் பூ. படத்தின் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்: ஒரு வெள்ளைக்காரன் ஜப்பானுக்குப் போய், ஜப்பான்காரருக்கே கைவராத வாள்வித்தையை மூன்று மாதத்தில் பழகி, ஜப்பான்காரரை ஜப்பான்காரரிடமிருந்து காப்பாற்றுகிறான்.

அந்தக் கட்டடத்தில் நூற்றிருபது பேர் வேலை செய்தார்கள். அவர்களில் உண்மையான ஒசாகாவில் குடியிருந்து பிழைத்தவன் யோகேந்திரன் ஒருத்தன்தான். வயது நாற்பத்தெட்டு, கலியாணம் கட்டாத மனிசன், செட்டுக்குச் சோடனை செய்கிற வேலை. லாம்பைக் கொழுவு என்றால் கொழுவுவான், தட்டில் சாமானை அடுக்கு என்றால் அடுக்குவான். கனடாவுக்கு வருமுன் ஆறு வருடம் ஒசாகாவில் இருந்தான். பேருக்கு மொழிப் பள்ளிக்கூடம், மற்றபடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மூலைக்கடையில் நிற்கிற வேலை. கூடப்பிறந்த அக்காவைத் தவிர இதை அவன் இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கெட்ட காலத்துக்கு, திங்கட்கிழமை படமெடுக்க வேண்டிய காட்சி அப்படி ஒரு மூலைக்கடைக்குள்ளேதான் நடக்கிறது. பாலும் பாணும் சிகரெட்டும் விற்கிற அந்த மாதிரிக் கடையை மொன்றியலில் டெப்பனர் என்பார்கள். அதனால் செட்டில் வேலை செய்த தமிழ்ச் சனம் அதற்கு ஒசாகா டெப்பனர் என்று பேர் வைத்துவிட்டது. அந்த டெப்பனரைப் பார்த்தால் யோகேந்திரனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. கூரை முழுக்கச் சிவப்புக் கூண்டு விளக்கு. பால் பெட்டிக்கு மேலே கடதாசிச் செர்ரிப் பூ. வாசலில் இரண்டு மூங்கில். காசு வாங்குகிற மேசைக்குப் பின்னால், சுவரில், ஒரு வாள்.

“டெப்பனருக்குள்ள வாள் என்னத்துக்கு?” என்று தச்சுவேலை செய்கிற அம்புறோஸிடம் மட்டும் ஒருநாள் கேட்டான்.

“எங்கட ஆக்களைப் படத்தில காட்டேக்க யானையும் பாம்பாட்டியும் காட்டுறாங்கள். அவங்களுக்கு வாள். விடுங்கோ அண்ணை,” என்றான் அம்புறோஸ்.

யோகேந்திரனும் விட்டுவிட்டான். எனக்கேன் இந்தப் பொல்லாப்பு என்று வாயைப் பொத்திக்கொண்டு வாளைத் துடைத்து மாட்டினான். அவன் வாயைத் திறந்து ஏதும் பிசகினால் அடி அவனுக்கு விழாது, றொஷினிக்குத்தான் விழும்.

றொஷினி அவனுடைய அக்காவின் மகள். அந்தப் படத்தில் மூன்றாவது உதவி இயக்குநர். துணை நடிகர்களை நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது அவள் பொறுப்பு. கணக்காளர் வேலையை உதறிவிட்டுச் சினிமாவுக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று வீட்டில் பெரிய பிரளயமே நடந்தது. அவளுடைய தாய் ஞானாம்பிகை குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறவள். இருபது குழந்தைகளை ஒரு பார்வையில் அடக்குகிற அவளை அன்றைக்கு ஒருவராலும் அடக்க முடியவில்லை. கடைசியில் யோகேந்திரன்தான் நெஞ்சில் கைவைத்து, “அக்கா, பிள்ளைக்கு நான் பொறுப்பு. விடுங்கோ,” என்றான். பிறகு அந்தப் பிள்ளைதான் மாமனையும் இந்த வேலையில் கொண்டுவந்து சேர்த்தது. படம் முடியும்போது இயக்குநர் ஒரு கடிதம் கொடுத்தால் றொஷினிக்கு அடுத்த படத்தில் இடம் நிச்சயம். கடிதம் இல்லையென்றால் திரும்பவும் கணக்குத்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலை உறைமழை. வானத்தில் மழையாகப் புறப்பட்டு, நிலத்தில் விழும்போது கண்ணாடியாகிவிடுகிற சனியன். பஸ் ஓடவில்லை. கடைக்காரனாக நடிக்க இருந்த ஜப்பான்காரப் பெடியன் கோட்-டெ-நெய்ஜில் தன் அறைக்குள்ளேயே அகப்பட்டுவிட்டான். நாயகனோ அன்று மாலை விமானம் ஏறுகிறான். அன்றைக்கு எடுக்காவிட்டால் எடுக்கவே முடியாது. றொஷினி முகம் வெளிறி ஓடிவந்தாள்.

“மாமா, இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால நில்லுங்கோ. வெளிச்சம் பாக்கிறதுக்கு மட்டும். பத்து நிமிசம்.”

“எனக்கு உது சரிவராது பிள்ளை.”

“மாமா, பிளீஸ்.”

போட்டுக்கொண்டு நின்றான். பத்து நிமிடம் இருபதானது. இயக்குநர் நெட்டையான ஆங்கிலேயர், பொறுமை இல்லாதவர். “நிற்கிற ஆளே போதும், முகம் தெரியப் போவதில்லை, எடுங்கள்,” என்று கத்திவிட்டார். வேலையாள் ஒருவரையும் அனுமதி இல்லாமல் கமராவுக்கு முன்னால் நிறுத்தக்கூடாது என்பது தயாரிப்பாளரின் கண்டிப்பான கட்டளை. றொஷினிக்கு அது தெரியும். ஆனாலும் இயக்குநரை மறுத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“மாமா, அவர் இரத்தத்தோட உள்ள வருவார். நீங்கள் பயந்து கத்திப்போட்டு மேசைக்குக் கீழ குனிஞ்சிருங்கோ. வேற ஒண்டும் செய்யாதேங்கோ.”

ஓம் என்று தலையாட்டினான். சத்தியமாக அப்படித்தான் செய்ய நினைத்தான்.

கதவு தானாகத் திறந்தது. மேலே பொருத்தியிருந்த மணி டிங் என்றது. அந்த மணியில் வந்தது வினை. ஆறு வருடம் அந்தச் சத்தத்துக்கு எழும்பிய வாய், “இரஷ்ஷைமாசே!” என்று உரத்த குரலில் வரவேற்றுவிட்டது. கத்தவும் இல்லை, குனியவும் இல்லை. நாயகன் கையிலிருந்த சிவப்புக் கடதாசிக் குடையை வாசலில் இருந்த தாங்கியில் செருகிவிட்டு, இரத்தம் சொட்டச் சொட்ட வந்து காயத்துக்குக் கட்டும் துணியை மேசையில் போட்டான். யோகேந்திரன் அதை எடுத்துப் பையில் இட்டு, பையின் காது வாங்குகிறவர் பக்கம் இருக்கும்படி திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினான். நாயகன் ஒரு கணம் திகைத்தான். பிறகு காசை வைத்துவிட்டு வெளியே பாய்ந்தான். வெளியே குழாய் மழையில் ஆறு கொலைகாரர் வாளும் கையுமாக அவனுக்காகக் காத்து நின்றார்கள்.

குடை தாங்கியிலேயே கிடந்தது.

இந்த இடத்தில் யோகேந்திரனின் ஒசாகா முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓனோ என்று பேர், ஒல்லியான மனிதர். கடைக்கு வந்தவர் குடையை மறந்துவிட்டுப் போய் நனைந்தால் அது அவர் பிழை இல்லை, கடையின் பிழை என்பது அவருடைய வேதம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யோகேந்திரன் ஒரு குடையைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டான். ஓனோ ஏசவில்லை. தானே வெறுந்தலையோடு மழையில் ரயில் நிலையம்வரை ஓடிக் குடையைக் கொடுத்துவிட்டு வந்து, ஈரத்தோடு தரையைத் துடைத்தார். அந்த வெட்கம் யோகேந்திரனின் காலில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஆறு வருடத்தில் ஒரு குடையையும் அவன் விட்டதில்லை.

இன்றைக்கும் கால்தான் ஓடியது, அவன் ஓடவில்லை. குடையைப் பிடுங்கிக்கொண்டு, “ஒக்யகுசாமா! வாடிக்கையாளரே!” என்று ஜப்பானிய மொழியில் கூவிக்கொண்டு குழாய் மழைக்குள் பாய்ந்தான். உயர்த்திய ஆறு வாளுக்கும் நடுவால் போய், நாயகனுக்கு முன் நின்று, இடுப்பு மடியக் குனிந்து, இரண்டு கையாலும் குடையை நீட்டினான். கொலைகாரர் ஆறு பேரும் வாளைத் தூக்கியபடி சிலையாகிவிட்டார்கள்.

அப்போதுதான் அவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. ஐயோ, கெட்டேன் என்று நினைத்தான்.

நாயகன் பழம் தின்று கொட்டை போட்டவன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, தானும் குனிந்து வணங்கி, குடையை வாங்கினான். அதை விரித்து, அந்தக் குடையாலேயே முதல் கொலைகாரனின் வாளைத் தட்டிவிட்டுச் சண்டையைத் தொடங்கினான். சண்டை முழுவதும் குடையோடேயே நடந்தது. முடிந்ததும் இயக்குநர் கையைத் தட்டிக்கொண்டு துள்ளினார். நாயகன் விமானம் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் தயாரிப்பாளர் அந்தக் காட்சியைப் பார்த்தார்.

அந்த அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய முந்தைய படமும் ஜப்பானில் நடக்கிற கதைதான். அதை ஜப்பான்காரர் இணையத்தில் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். அந்தப் பயத்தில் இந்தப் படத்துக்கு ஜப்பானியப் பேராசிரியர் ஒருவரை வைத்துச் சரிபார்க்க ஏற்பாடு செய்திருந்தார். வெள்ளிக்கிழமை அவர் வருகிறார். இந்த நேரம் பார்த்து ஒசாகா கடையில், அவர் கண்ணுக்கு, ஓர் இந்தியன்!

“ஜப்பான் கடையில் இந்த மனிதன் எப்படி வந்தான்? உலகமே சிரிக்கப் போகிறது. குடையை அவன் கொடுப்பதால் வெட்டவும் முடியாது. நாயகனைத் திரும்ப வரவழைத்து எடுக்க வேண்டும். இவனை நிறுத்தியது யார்?”

“நான்தான்,” என்றாள் றொஷினி. இயக்குநர் நிலத்தைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் பார்த்தபின் முடிவு சொல்கிறேன் என்று தயாரிப்பாளர் எழும்பிப் போனார். முடிவு என்றால் என்ன முடிவு என்று எல்லோருக்கும் தெரியும்.

“ஏன் மாமா ஓடினனீங்கள்?” என்று றொஷினி கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பான். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். “குனிஞ்சிருங்கோ எண்டுதானே சொன்னனான்.”

“குடையை விட்டிட்டுப் போட்டான் பிள்ளை.” தன் தலையில் மட்டுமல்ல, பிள்ளையின் தலையிலும் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்று நெஞ்சு பதறியது.

அதைவிடப் பெரிய பயம் அக்காவை நினைத்து. அஹுன்ட்சிக்கில் ஒரே வீட்டில்தான் எல்லோரும் குடியிருந்தார்கள். கீழே அக்காவும் றொஷினியும், மேலே அவன். மேலே போகிற முன்படி அக்காவின் குசினி யன்னலை உரசிக்கொண்டு ஏறும். அவள் கண்ணில் படாமல் எலிகூட ஏறமுடியாது. அவள் முகத்தைப் பார்த்தால் அவன் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். ‘பொறுப்பு எண்டு நெஞ்சில கைவைச்சியே’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அவன் செத்தான். அதனால் செவ்வாய்க்கிழமை தொடங்கிப் பின்படியால் ஏறினான். பின்படி வெளியே தொங்குகிற இரும்புப் படி. குளிர்காலத்தில் ஒருவரும் அதில் கால் வைப்பதில்லை. உறைமழைக்குப் பிறகு அது பளிங்கு மாதிரி இருக்கும், விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று நினைத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு காலை வைத்தான். ஆச்சரியமாக வழுக்கவில்லை. பனி உருகத் தூவுகிற உப்பு காலடியில் நறநற என்றது. வீட்டுக்காரனுக்கு இந்த வருடமாவது புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டான். புதன்கிழமையும் உப்பு, வியாழக்கிழமையும் உப்பு.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் மொரிதா வந்தார். அறுபது வயதிருக்கும், சின்ன உருவம், சாம்பல் நிற மழைக்கோட்டு. சிறிய திரையறையில் தயாரிப்பாளர், இயக்குநர், றொஷினி எல்லோரும் இருந்தார்கள். யோகேந்திரனையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் கதவோரம் நின்றான்.

காட்சி ஓடியது. மொரிதா குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். குடையோடு ஓடுகிற இடத்தில் மட்டும் பேனை நின்றது. விளக்குப் போட்டதும் புத்தகத்தைத் திறந்தார்.

“கடைக்குள் கூண்டு விளக்கு இருக்காது. அது கோயில் திருவிழாவுக்கு. கதை நடக்கிற மாதத்தில் இந்தப் பூ பூக்காது, பூத்தாலும் கடைக்குள் பூக்காது. சுவரில் வாள் இருந்தால் பொலிஸ் வந்துவிடும். இந்தச் சிவப்புக் குடையைக் கலியாணப் படம் பிடிக்கத்தான் விரிப்பார்கள். ஒசாகாவில் எல்லோருக்கும் ஒரே குடைதான். ஊடாகப் பார்க்கலாம், பிளாஸ்ரிக், மலிவு.”

இயக்குநரின் முகம் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் அங்குலம் கீழே போனது. தயாரிப்பாளர் இருமினார்.

“அதெல்லாம் கணினியில் திருத்தலாம். பெரிய பிழை எங்களுக்கே தெரியும். அந்தக் கடைக்காரர். அவரை எடுத்துவிடுகிறோம், மன்னிக்க வேண்டும்.”

மொரிதா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவோரம் நின்றவனைக் கண்டார். அவனோடு ஜப்பானிய மொழியில் பேசினார்.

“எந்தக் கடையில் வேலை செய்தீர்கள்?”

பதினைந்து வருடமாக ஒருவரோடும் பேசாத மொழி. ஆனால் சொற்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. “ஒசாகாவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். ஆறு வருடம்.”

“ஏன் ஓடினீர்கள்?”

“அவர் குடையை விட்டுவிட்டுப் போனார்.”

மொரிதா சிரித்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தயாரிப்பாளர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னார்.

“என் அம்மா ஒசாகாவில்தான் இருக்கிறார். அவருடைய தெருமுனைக் கடையில் காலையில் நிற்பது நேபாளப் பெடியன், மாலையில் நிற்பது இலங்கைப் பெண். அம்மா போன மாதம் குடையை மறந்துவிட்டு வந்தாராம், அந்தப் பெண் வீடுவரை ஓடி வந்து கொடுத்தாளாம். எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நீங்கள் காட்டியதில் நான் பார்த்த ஒசாகா இந்த மனிதர் மட்டும்தான். விளக்கை எடுங்கள், பூவை எடுங்கள், வாளை எடுங்கள். இவரை எடுத்தால் பிறகு என் பேரைப் படத்தில் போட வேண்டாம்.”

தயாரிப்பாளர் யோகேந்திரனை மேலும் கீழும் பார்த்தார், இப்போதுதான் முதன்முதலாகக் காண்பவர் மாதிரி. பிறகு கேட்டார்.

“இவரை நிறுத்தியது யார் என்றீர்கள்?”

றொஷினி எழும்பி நின்றாள். “நான்.”

“நல்லது. மீதிக் கடைக் காட்சி எல்லாவற்றுக்கும் இவரையே நிறுத்துங்கள். எப்படிச் சோடிக்க வேண்டும் என்றும் இவரிடமே கேளுங்கள்.” இயக்குநர் பக்கம் திரும்பினார். “இந்தப் பிள்ளையை அடுத்த படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை இன்றைக்கே எழுதுங்கள்.”

நடைகூடத்துக்கு வந்ததும் றொஷினி மாமனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். “ஏன் மாமா எனக்குக்கூடச் சொல்லேல்லை? இந்தச் செட்டைக் கட்டேக்கையே ஜப்பானில இருந்தனான் எண்டு சொல்லியிருக்கலாமே!”

“நீ கேக்கேல்லையே,” என்றான். அவனுக்கும் கண் கலங்கியது. ஆறு வருடம் அந்த ஊரில் நின்றான். வந்து போனவர்கள் பையை வாங்கினார்கள், முகத்தைப் பார்த்ததில்லை. ஓனோவைத் தவிர ஒருவருக்கும் அவன் பேர் தெரியாது. அப்படி ஒருவன் அங்கே இருந்தான் என்று இன்றைக்கு மொரிதா சாட்சி சொல்லிவிட்டார். நெஞ்சில் மூன்று நாளாக இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. அம்மாடி, மூச்சு விட என்ன சுகம்!

அன்று பின்னேரம் முழுவதும் அவனும் அம்புறோஸும் ஏணி போட்டுக் கூண்டு விளக்குகளை இறக்கினார்கள். வாளை அவன் தன் கையாலேயே கழற்றினான். அது கொழுவியிருந்த இடத்தில் குப்பையை எப்படிப் பிரித்துப் போடவேண்டும் என்று சொல்கிற அறிவித்தலை ஒட்டினான். “இப்பதான் டெப்பனர் மாதிரி இருக்கு,” என்றான் அம்புறோஸ்.

றொஷினிக்கு இன்னும் வேலை இருந்தது. யோகேந்திரன் தனியாக வீட்டுக்கு வந்தான். இனி ஒளிக்க ஒன்றுமில்லை, முன்படியாலேயே போகலாம். ஆனால் மூன்று நாள் பழக்கம் கால்களைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் கால்களுக்கு எப்போதும் சொந்தப் புத்திதான்.

பின்படியில் அக்கா நின்றாள். பெரிய கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி, கையில் குழந்தைகள் காப்பகத்துப் பிளாஸ்ரிக் வாளி. குனிந்து ஒவ்வொரு படியிலும் பிடிபிடியாக உப்புத் தூவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா!”

அவள் நிமிர்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “மூண்டு நாளாப் பின்படியால ஏறுறாய். எனக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சனியே? அவளும் சாப்பிடுறாள் இல்லை, நீயும் முகம் காட்டுறாய் இல்லை. படத்தில ஏதோ பிழைச்சுப் போச்செண்டு எனக்கு விளங்காதே?”

“பேந்து ஏன் கேக்கேல்லை?”

“என்னத்தைக் கேக்கிறது? கேட்டால் ‘நான் அப்பவே சொன்னனான்’ எண்டு வாயில வந்திடும். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் உப்புப் போட்டனான்.” அவள் குரல் உடைந்தது. “சொல்லு. பிள்ளையின்ர வேலை போட்டுதோ?”

“இல்லை அக்கா. அடுத்த படத்துக்கும் அவள்தான். கடிதம் கையில இருக்கு.”

அக்கா உப்புப் படியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். தொப்பியைக் கழற்றி அதனாலேயே கண்ணைத் துடைத்தாள். சினிமாவும் மண்ணாங்கட்டியும் என்று மூன்று வருடம் திட்டிய மனிசி, அந்தச் சினிமா வேலை தப்பிவிட்டது என்று கேட்டுக் குழந்தை மாதிரி விம்மினாள். யோகேந்திரன் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தான். குடைக்கதையை ஆதியோடந்தமாகச் சொன்னான். ஆறு வாளுக்கும் நடுவில் குனிந்த இடம் வந்ததும் அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து புரைக்கேறிவிட்டது.

“அப்ப நீயும் நடிக்கப் போறியோ? என்ன வேஷம்?”

“கடைக்காரன்.”

“அதில என்ன நடிப்பு கிடக்கு, விசரா!” என்று அவன் முதுகில் ஒன்று போட்டாள். பிறகு வாளியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததைக் கடைசிப் படியில் தட்டிவிட்டு எழும்பினாள்.

“நாளையிலயிருந்து முன்படியால வா. உப்பு முடிஞ்சு போச்சு.”